சோகையைக் கொளுத்தினால் போவது என்ன?



வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாகு பதம் தப்பிவிட்டால் கொப்பரையின் அடியில் கருகிப் பிடித்துக்கொள்ளும். சுரண்டிப் பார்த்தால் கன்னங்கரேலென்று கரி. இனிக்கிற சாற்றுக்குள் இந்தக் கரி எப்படி வந்தது?

"மண்ணிலிருந்துதான் சார், வேறெங்கிருந்து?" என்பார்கள். இதை ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் சோதித்துப் பார்த்தார். இன்றைய பெல்ஜியம் பகுதியைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் என்பவர், 200 பவுண்டு காய்ந்த மண்ணை ஒரு தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள மரக்கன்றை நட்டார். ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு வளர்ந்துவிட்டது. மண்ணில் குறைந்ததோ 2 அவுன்ஸ், அதாவது சுமார் 60 கிராம்! தண்ணீரே மரமாகிவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். அது பாதிதான் சரி. காற்றுக்கும் அதில் பங்கு உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது.

காற்றில் கரியமில வாயு இருக்கிறது. பத்தாயிரம் பங்கு காற்றில் நாலு பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். கரும்பின் இலை தன் நுண்ணிய துளைகள் வழியே இதை இழுத்து, வேர் அனுப்பும் தண்ணீரோடு சேர்த்து, வெயிலின் பலத்தால் சர்க்கரையாக்குகிறது. அந்தச் சர்க்கரைதான் சாறாகவும் சக்கையாகவும் சோகையாகவும் வேராகவும் மாறுகிறது. நன்றாகக் காய்ந்த 100 கிலோ சோகையில் சுமார் 40 கிலோ கரிதான். இதைக் கரிமம் என்கிறோம்.

இந்தக் கரிமம் ஓரிடத்தில் நிற்காது. வெல்லத்தை நாம் தின்றால் மூச்சுவழியே காற்றுக்குத் திரும்பும். கொழுந்தாடையை மாடு தின்றால் பாதி மூச்சாகவும் மீதி சாணியாகவும் வெளியேறும். நிலத்தில் உதிர்ந்த சோகையை நுண்ணுயிர்கள் தின்று, அவையும் மூச்சு விடும். ஆக, எல்லாம் சுற்றிச் சுற்றிக் காற்றுக்கே வருகிறது.

ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர் என்னை மடக்கினார். "மக்கினாலும் காத்துக்குப் போவுது, கொளுத்தினாலும் காத்துக்குப் போவுது. அப்புறம் கொளுத்தினா என்ன தப்பு?" நியாயமான கேள்வி.

போகிற வழியில் என்ன வேலை நடக்கிறது என்பதுதான் விஷயம். கொளுத்தினால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் புகை. மண்ணுக்கு ஒரு பிடி வேலைகூட நடப்பதில்லை. மக்கவிட்டால் அதே கரிமம் கோடிக்கணக்கான நுண்ணுயிருக்கும் மண்புழுவுக்கும் சாப்பாடு. அவை மண்ணைப் பொலபொலப்பாக்கும். பெரும்பகுதி ஓரிரு வருஷத்தில் காற்றுக்குப் போனாலும், ஒரு சிறு பங்கு மக்காகத் தங்கும். அந்த மக்குதான் ஈரத்தைப் பிடித்து வைக்கும், போட்ட உரத்தையும் ஓடாமல் காக்கும்.

கணக்கையும் பாருங்கள். ஒரு ஏக்கரில் ஏறத்தாழ 4 டன் சோகை கிடைக்கும். அதில் 1,600 கிலோ கரிமம், சுமார் 16 கிலோ தழைச்சத்து. அது முக்கால் மூட்டை யூரியாவுக்குச் சமம். தீ வைத்தால் சாம்பல் சத்து நிலத்தில் தங்கும், உண்மைதான். ஆனால் கரிமமும் தழைச்சத்தும் பெரும்பாலும் புகையோடு போய்விடும்.

இதில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு விவசாயியிடம் "கொளுத்தாதீங்க, மடக்கி உழுதுடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரும் காய்ந்த சோகையை அப்படியே உழுது, உடனே கரணை நட்டுவிட்டார். ஒரு மாதத்தில் பயிர் வெளுத்துப் போயிற்று. "உங்க பேச்சைக் கேட்டேன் சார்" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

காரணம் இதுதான். சோகையில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 70 முதல் 100 பங்கு வரை கரிமம். நுண்ணுயிருக்கு 25, 30 பங்குக்கு ஒரு பங்காவது தழைச்சத்து வேண்டும். சோகையில் போதாததை மண்ணிலிருந்து அது எடுத்துக்கொள்ளும்; பயிர் பட்டினி கிடக்கும். மேலுரம் கொடுத்த பிறகுதான் அந்தப் பயிர் தேறியது.

ஆகவே, செய்ய வேண்டியது:

நட்ட மூன்றாம் நாள், பார்களின் மேல் நாலு முதல் ஆறு அங்குல கனத்துக்குச் சோகையைப் பரப்பலாம். ஈரம் காயாது, களை மட்டுப்படும், இளங்குருத்துப் புழுவும் குறையும். கட்டைக் கரும்பில் ஒரு சால் விட்டு ஒரு சால் பரப்பி வையுங்கள். மேலாகக் கிடக்கும் சோகை மெதுவாக மக்குவதால் பயிரைப் பட்டினி போடாது.

மிச்சத்தைக் குழியில் அடுக்கடுக்காகப் போட்டு, சாணிக் கரைசல் தெளித்து, டன்னுக்கு 5 கிலோ யூரியா தூவி, ஈரம் குறையாமல் மக்க வையுங்கள். கறுத்து உதிர்ந்து, மண்வாசனை அடித்தால் எரு தயார்.

உங்கள் மண் வள அட்டையை எடுத்து, கரிமம் என்ற வரியைப் பாருங்கள். 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிலம் பசித்திருக்கிறது என்று பொருள். அந்தப் பசிக்கான சாப்பாடு உங்கள் வயலிலேயே காய்ந்து கிடக்கிறது. தீப்பெட்டியை எடுக்குமுன் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.