கடைக்கு ஓர் இணையதளம்: தேடி வருவோரும் விளம்பர வரவும்



சரக்கு நயமாக இருந்தால் மட்டும் போதாது, அது இருக்குமிடம் வாங்குபவருக்குத் தெரியவேண்டும். முன்பு இதற்குப் பெயர்ப் பலகையும், சுவர் விளம்பரமும், தரகரின் வாயும் போதுமானதாக இருந்தன. இன்று வெளியூர் வியாபாரி சரக்கு பிடிக்கும் முன் செல்போனில் கூகுளைத் தேடிப் பார்க்கிறார். அதனால் நமது சங்க உறுப்பினர்கள் பலரும் கடையின் பெயரில் இணையதளம் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு. "தளம் இருக்கிறது, யாரும் வருவதில்லையே, ஏன்?" என்பது ஒன்று. "அதில் விளம்பரம் போட்டால் மாதாமாதம் பணம் வருமாமே, உண்மையா?" என்பது மற்றொன்று. சேந்தமங்கலத்தில் மளிகையும் மலைச் சரக்கும் மொத்தமாக விற்கும் நாங்கள் சில ஆண்டுகளாகச் சிறு தளம் ஒன்றை நடத்தி வருகிறோம். அந்தப் பழக்கத்தைக் கொண்டு இவ்விரண்டுக்கும் விளக்கம் கூறுகிறோம்.

தேடலில் இடம் எப்படிக் கிடைக்கிறது?

கூகுள் முதலில் உலகிலுள்ள பக்கங்களைப் படித்துப் பேரேடு போலப் பதிந்து வைத்துக் கொள்கிறது. ஒருவர் தேடும்போது அவருடைய சொற்களுக்குப் பொருத்தமான பக்கங்களை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. இந்த வரிசையில் இடம் பிடிக்கக் கட்டணம் கிடையாது. பணம் கட்டி வருபவை விளம்பரம் என்ற குறிப்போடு தனியாக வரும். இவ்விரண்டையும் குழப்பிக் கொள்வதால்தான் பலர் பணத்தை விடுகிறார்கள்.

"மாதம் இவ்வளவு கொடுங்கள், கூகுளில் முதலிடம் வாங்கித் தருகிறோம்" என்று நம்மில் பலருக்கும் தொலைபேசி வருகிறது. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் விளக்கக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறது. தளத்தைச் சீர் செய்து கொடுக்கும் நல்ல தொழிலாளர்கள் உண்டு, அவர்களுக்குக் கூலி கொடுப்பது நியாயம். ஆனால் முதலிடத்தையே விலை பேசுகிறவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

கூகுள் படிப்பது எழுத்தைத்தான்

விலைப்பட்டியலைப் படம் பிடித்து அப்படியே தளத்தில் போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. படத்துக்குள் இருப்பதைப் பக்கத்தின் எழுத்தைப் போல நம்பிப் பதிவு செய்வார்கள் என்று இருக்கக் கூடாது. விலையையும் சரக்கின் பெயரையும் எழுத்தாகவே தட்டச்சு செய்யவேண்டும். பழைய அச்சக எழுத்துருக்களில் தட்டச்சு செய்தால் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் தேடலில் கிடைக்காது. யூனிகோடு முறையில் இருப்பதுதான் தேடுபவர் கைக்கு எட்டும்.

எல்லாச் சரக்கையும் ஒரே பக்கத்தில் கொட்டாமல், சரக்குக்கு ஒரு பக்கம் வைப்பது நல்லது. பக்கத்தின் தலைப்பு கடையின் பெட்டிப் பலகை மாதிரி. அதில் வெறுமனே "எங்கள் பொருட்கள்" என்று இருந்தால் யாருக்கும் விளங்காது. "கொல்லிமலை மிளகு, மொத்த விற்பனை, சேந்தமங்கலம்" என்றிருந்தால் சரக்கும் ஊரும் விற்பனை வகையும் ஒரே வரியில் தெரிந்துவிடும். உள்ளே தரம், ஈரப்பதம், மூட்டை எடை, குறைந்தபட்ச அளவு, லாரி வசதி ஆகியவற்றை நம் சொந்த வார்த்தையில் எழுதவேண்டும். வாங்க வருபவர் கேட்கும் கேள்விகளுக்கு நாம் கல்லாவில் உட்கார்ந்து சொல்லும் பதில்தான் நல்ல பக்கம். ஜவ்வரிசி என்றால் நைலான் ரகமா, சாதா ரகமா என்பதையும், புளி என்றால் கொட்டை எடுத்ததா என்பதையும் கேட்காமல் எந்த வியாபாரியும் ஆர்டர் கொடுப்பதில்லை.

அடுத்தவர் தளத்திலிருந்து நகல் எடுப்பதும், இயந்திரத்தைக் கொண்டு நூற்றுக்கணக்கில் பக்கங்களைக் குவிப்பதும் பயன் தராது. தேடல் வரிசைக்காக மட்டும் மொத்தமாகத் தயாரிக்கும் பக்கங்களை முறைகேடு என்று 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளில் சேர்த்துவிட்டது. பிற தளங்களில் நம் தளத்துக்கு இணைப்பு வைக்கப் பணம் கொடுப்பதும் விதிக்குப் புறம்பானது.

செல்போனும் சொந்தப் பெயரும்

பக்கங்களைச் செல்போனில் எப்படித் தெரிகிறதோ அப்படியே படித்துப் பதியும் முறைக்குக் கூகுள் மாறிய வேலை 2023இல் முடிந்தது. ஆகவே பெரிய கம்ப்யூட்டர் திரையில் அழகாக இருப்பது போதாது. கனமான படங்களைச் சுருக்கி, சாதாரண செல்போனில் விரைவாகத் திறக்கும்படி செய்யவேண்டும்.

வரைபடத்தில் கடை தெரிவதற்காகக் கூகுள் இலவசமாகத் தரும் பதிவை எல்லோரும் செய்துகொள்ள வேண்டும். முகவரி, கடை நேரம், விடுமுறை நாள், தொலைபேசி எண் ஆகியவை சரியாக இருக்கட்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை. அந்தப் பதிவோடு கூகுள் இலவசமாகக் கொடுத்து வந்த சிறு இணையதளங்களை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். அதையே நம்பியிருந்த கடைக்காரர்களின் முகவரி மறைந்து போயிற்று. வாடகைக் கடையிலும் ரசீது நம் பெயரில் இருக்கவேண்டும் அல்லவா? அதுபோல டொமைன் பெயர் கடை உரிமையாளர் பெயரிலும், அவருடைய மின்னஞ்சலிலும் பதிவாகியிருக்க வேண்டும். தளம் செய்து கொடுத்தவர் தன் பெயரில் பதிந்துகொண்டு, பிறகு ஆண்டுதோறும் கேட்டதைக் கொடுக்கும்படி வைத்த கதைகள் நம் வட்டாரத்திலேயே உண்டு.

கணக்குப் பார்ப்பது எப்படி?

நாள்வழிக் கணக்கு எழுதாமல் லாப நஷ்டம் தெரியாது. தளத்துக்கு அந்த நாள்வழி சர்ச் கன்சோல் என்னும் கூகுளின் இலவச வசதி. எந்தச் சொல்லைத் தேடியபோது நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை முறை, அதில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்பதையெல்லாம் 16 மாதங்கள் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். அதிகம் காட்டப்பட்டும் ஆள் வராத பக்கத்துக்குத் தலைப்பு சரியில்லை என்று ஊகிக்கலாம். நாம் எழுதாத ஒன்றைத் தேடி வருகிறார்கள் என்றால் அதற்கு ஒரு பக்கம் எழுதலாம். எங்களுக்கு மிகவும் உதவியது இதுதான். நாம் "குறுமிளகு" என்று எழுதுவதை வாங்குபவர் "மிளகு கிலோ விலை" என்று தேடுகிறார். அவர் சொல்லை நாம் எழுதினால்தான் இருவரும் சந்திப்போம்.

விளம்பர வரவு

இனி இரண்டாவது கேள்வி. கூகுளின் ஆட்சென்ஸ் திட்டம் 2003இல் தொடங்கியது. இந்திய மொழிகளில் இந்திக்கு 2014இலும், வங்காளிக்கு 2017இலும், தமிழுக்கு 2018இலும் இடம் கிடைத்தது. அதுமுதல் தமிழ்ப் பக்கங்களுக்கும் முறைப்படி விளம்பரம் பெற முடிகிறது. விளம்பரம் கொடுப்பவர்கள் ஏலம் கேட்கிறார்கள், வென்றவரின் விளம்பரம் நம் பக்கத்தில் வருகிறது. அவர் செலுத்தும் தொகையில் ஏறத்தாழ 68 சதவீதம் தள உரிமையாளருக்கு வரும். 100 டாலர் சேர்ந்த பிறகுதான் பணம் அனுப்புவார்கள். 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு ரகசிய எண் வரும்.

வியாபாரியாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பார்வைக்கு ஒரு டாலர் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 100 டாலருக்கு ஒரு லட்சம் பார்வை வேண்டும். நாளொன்றுக்கு 100 பேர் பார்க்கும் சிறு தளத்துக்கு அது 1000 நாள், ஏறத்தாழ இரண்டே முக்கால் ஆண்டு. அதே தளத்தின் வழியாகப் புதிதாக ஒரு வெளியூர் கடைக்காரர் மாதம் பத்து மூட்டை எடுத்தால் எது பெரிது என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. எந்த விளம்பரம் வரும் என்பதைப் பெரும்பாலும் இயந்திரம் தீர்மானிக்கிறது. நம் மிளகுப் பக்கத்திலேயே வேறொருவர் மிளகு விளம்பரம் வரலாம். நம் கடை வாசலைப் போட்டிக் கடைக்கு வாடகைக்கு விட்டதுபோல் ஆகும். குறிப்பிட்ட விளம்பரதாரரைத் தடுக்கும் வசதி இருந்தாலும், சரக்குப் பக்கங்களில் விளம்பரமே வைக்காமலிருப்பது உத்தமம்.

விளம்பரத்துக்கு ஏற்றவை தகவல் பக்கங்கள். நாமக்கல் முட்டை விலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1982இல் அமைந்த தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலையைப் பல தளங்கள் வெளியிட்டு ஓரத்தில் விளம்பரம் வைத்திருக்கின்றன. விலை மாறிக்கொண்டே இருப்பதால் பார்ப்பவர் திரும்பத் திரும்ப வருகிறார். காரவல்லி வழியாக 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலை செல்வோருக்கான குறிப்புகளும், மலைச் சரக்கு எந்தப் பருவத்தில் வரும் என்ற விவரமும் இதே வகைதான். ஆனால் விலை போட ஆரம்பித்தால் தவறாமல் போடவேண்டும், சரியாகப் போடவேண்டும். பழைய விலை கிடந்தால் கடையின் பெயர்தான் கெடும்.

நம் விளம்பரத்தை நாமே அழுத்துவதும், கடைப் பையனை விட்டு அழுத்தச் சொல்வதும் கூடாது. கண்டுபிடித்தால் கணக்கை மூடிவிடுவார்கள், சேர்ந்த பணமும் போகும். வரும் தொகை வருமான வரிக் கணக்கில் காட்டவேண்டியது. ஜி.எஸ்.டி. விவரத்தை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2024 முதல் இந்தியாவிலும் கூகுள் பல கேள்விகளுக்குத் தானே தொகுத்த விடையை மேலே காட்டத் தொடங்கியிருக்கிறது. பொதுத் தகவலுக்காகப் பக்கத்துக்குள் வருவோர் இதனால் குறையலாம். ஆனால் இன்று நம் கிடங்கில் என்ன சரக்கு, எவ்வளவு இருப்பு, என்ன விலை என்பது நம்மிடம் மட்டுமே உள்ள செய்தி. அதை நம் தளத்தில் நாள்தோறும் நேர்மையாக எழுதி வைப்பவரைத் தேடி ஆள் வரும். தளத்தின் முதல் வரவு வாடிக்கையாளர். விளம்பரப் பணம் வந்தால் அது மேல்வரவு என்று கொள்வோம்.