‘ஏலாது சேர்’ என்று சொல்லக்கூடிய பயிற்சிக் களம்

வில்கமுவ, ஹெட்டிபொல பக்கத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் சர்க்கஸ் பயிற்சி நிலையம் ஒன்றைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் பாடசாலை ஜிம்னாஸ்டிக்ஸ், கராத்தே வகுப்பு, கண்டிய நடனத்தில் வரும் கரணங்கள் எல்லாம் சர்க்கஸுக்கு நெருங்கிய உறவுதான். கார்னிவலில் பார்த்த வித்தையை மாமரக் கொப்பில் கயிறு கட்டிச் செய்துபார்க்கிற பிள்ளைகளும் உண்டு. எல்லாவற்றிலும் உடம்பு தலைகீழாகிறது, உயரத்தில் தொங்குகிறது, இன்னொருவர் கையை நம்பிப் பாய்கிறது.

பயிற்சி நிலையத்தில் ஒருவருக்கொருவர் மரியாதையாக நடந்துகொள்வதை நல்ல பழக்கம் என்ற அளவில் பலர் நிறுத்திவிடுகிறார்கள். காயம் வராமல் தடுக்கும் முதல் ஏற்பாடே அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். மாஸ்டருக்குப் பயந்து வலியை மறைக்கிற பிள்ளைதான் கடைசியில் விழுகிறது.

தலைச்சேரி காட்டிய இரண்டு முகங்கள்

நம் பக்கத்து நாட்டில் சர்க்கஸ் பயிற்சிக்குப் பேர்போன ஊர் கேரளத்துத் தலைச்சேரி. விஷ்ணுபந்த் சத்ரே 1880இல் பம்பாயில் கிரேட் இந்தியன் சர்க்கஸைத் தொடங்கினார். அவருடைய தொடர்பால் ஊக்கம் பெற்ற களரி ஆசிரியர் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் தலைச்சேரிப் பக்கம் சிறக்கரையில் பயிற்சிப் பள்ளி திறந்தார். அங்கே பழகியவர்கள் பிற்காலத்தில் சொந்தமாகக் கம்பனிகள் நடத்தினார்கள், வெளிநாட்டு மேடைகளிலும் ஏறினார்கள். களரியில் உடம்பைப் பதப்படுத்தும் மெய்ப்பயிற்சி முடிந்த பிறகுதான் கம்பும் வாளும் கைக்கு வரும். இன்று உலகத்து நல்ல பயிற்சி நிலையங்கள் கடைப்பிடிப்பதும் அந்தப் படிமுறையைத்தான்.

மறுமுகம் இருண்டது. சர்க்கஸ் பெருகப் பெருக, வறுமைப்பட்ட வீடுகளிலிருந்து சின்னப் பிள்ளைகளைக் கொண்டுவந்து பழக்கினார்கள். பின்னாளில் நேபாளத்து மலைக்கிராமங்களிலிருந்து சிறுமிகள் கடத்திவரப்பட்டார்கள். படிப்பு இல்லை, வீட்டுக்குப் போக வழியில்லை, அடியும் பாலியல் கொடுமையும் வேறு. 2004 ஜூனில் உத்தரப் பிரதேசத்து கோண்டா மாவட்டத்தில் ஒரு சர்க்கஸிலிருந்து சிறுமிகளை மீட்கப்போன சிறுவர் உரிமைச் செயற்பாட்டாளர் கைலாஷ் சத்யார்த்தியும் தோழர்களும் கடுமையாகத் தாக்கப்பட்டார்கள். அவருடைய ‘பச்பன் பச்சாவ் ஆந்தோலன்’ அமைப்பு தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2011 ஏப்ரல் 18ஆம் திகதி தீர்ப்பளித்தது. சர்க்கஸில் பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்ய வேண்டும், இருப்பவர்களை மீட்டு மறுவாழ்வு கொடுக்க வேண்டும் என்று அரசுக்கு உத்தரவிட்டது.

சின்ன வயதில் தொடங்கினால்தான் உடம்பு வளையும், தடை வந்ததால் கலையே செத்துவிட்டது என்று சர்க்கஸ்காரர்கள் சிலர் வருந்துகிறார்கள். அந்த வருத்தம் பொய்யில்லை. ஆனால் பிள்ளை பழகுவதும் பிள்ளையை வேலை வாங்குவதும் ஒன்றாகாது. கம்போடியாவின் பத்தம்பாங்கில் 1994இல் தொடங்கிய ‘ஃபார் பொன்லூ செல்பக்’ பள்ளியில் பிள்ளைகள் பாடசாலைப் படிப்போடு சேர்த்தே சர்க்கஸ் பழகுகிறார்கள். இந்தியச் சர்க்கஸ்களிலிருந்து மீண்ட நேபாளத்து இளைஞர்கள் சிலர் ‘சர்க்கஸ் காத்மண்டு’ என்ற குழுவில் சேர்ந்து, தங்கள் விருப்பத்தோடு அதே கலைக்குத் திரும்பினார்கள். அவர்கள் வெறுத்தது வித்தையை அல்ல என்பது அதிலிருந்தே தெரிகிறது.

அடித்தால் உடம்பு கற்காது

பயந்த உடம்பு இறுகிப்போகும். தோள் உயரும், மூச்சு அடைபடும், கண் தரையைப் பார்க்காமல் மாஸ்டரின் முகத்தைப் பார்க்கும். கரணமடிக்கிற பிள்ளைக்கு அந்தச் சில நொடிகள் போதும், கழுத்தில் விழுவதற்கு.

பிரித்தானிய ஜிம்னாஸ்டிக்ஸ் துறையைப் பற்றி ஆன் வைட் என்ற சட்டத்தரணி 2022 ஜூனில் வெளியிட்ட அறிக்கைக்கு 400க்கும் மேற்பட்டோர் தங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுத்திருந்தார்கள். காயத்தோடு பயிற்சி செய்ய வைத்தது, தண்ணீரும் சாப்பாடும் மறுத்தது, மலசலகூடம் போகக்கூட விடாதது, எல்லார் முன்னாலும் எடை பார்த்து அவமானப்படுத்தியது என்று அந்தக் கதைகள் நீள்கின்றன. வசதியான நாட்டில், பதிவுபெற்ற கழகங்களில் நடந்தவை இவை.

‘அந்தக் காலத்தில் நாங்களும் அடிவாங்கித்தான் படித்தோம்’ என்று நம் ஊரில் சொல்வார்கள். ஆனால் 2017இல் இலங்கைப் பாடசாலை ஒன்றில் ஆசிரியர் அறைந்ததால் ஒரு மாணவனின் காது கேட்கும் திறன் பாதிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயலாகத் தீர்த்து நட்டஈடு வழங்கச் சொன்னது. தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவின்படி, தன் பொறுப்பிலுள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்துகிறவருக்கு இரண்டு முதல் பத்து ஆண்டுவரை சிறை உண்டு. வகுப்புக்கு வெளியே, மைதானத்திலும் பயிற்சி மண்டபத்திலும் பிள்ளையின் பொறுப்பு பயிற்சியாளரிடம்தான் இருக்கிறது.

தொடுவதற்கும் ஒரு முறை உண்டு

இந்தக் கலையில் தொடாமல் பழக்க முடியாது. பின்கரணம் அடிக்கிற பிள்ளையின் இடுப்பின் பின்புறத்தையும் தொடையின் பின்புறத்தையும் தாங்கிப் பிடிக்காவிட்டால் தலை தரையில் மோதும். அதனால் தொடுதல் முழுவதையும் சந்தேகப்படுவதில் பயனில்லை. நல்ல தொடுதலுக்கு அடையாளங்கள் இருக்கின்றன, அவற்றைப் பெற்றோர் தெரிந்துவைத்திருப்பதே மேல்.

நல்ல பயிற்சியாளர் தொடுவதற்கு முன்பே சொல்வார்: “இடுப்பில் ஒரு கை, முழங்கைக்குக் கீழே ஒரு கை வைப்பேன், சரியா மகள்?” பிள்ளை தலையசைத்த பிறகே கை போகும். வித்தை முடிந்ததும் கை எடுபடும். சம்மதம் ஒருநாள் கொடுத்தால் என்றைக்கும் கொடுத்ததாகாது. நேற்று சரி என்ற பிள்ளை இன்று வேண்டாம் என்றால், மெத்தையை உயர்த்தலாம், இடுப்புப் பட்டியில் கயிறு பூட்டிப் பழக்கலாம், பெண் பயிற்சியாளரைப் பிடிக்கச் சொல்லலாம். வழி இல்லாமல் போவதில்லை. அவசரத்தில் விழுகிற பிள்ளையைப் பிடிக்கும்போது கை எங்கே படும் என்று சொல்ல முடியாது. அப்படிப் பட்டுவிட்டால் உடனே எல்லார் முன்னாலும் “மன்னிக்க வேண்டும், விழாமல் பிடித்தேன்” என்று சொல்லிவிடுகிற மாஸ்டரிடம் பிள்ளையை நம்பி விடலாம்.

வேறு யாரும் இல்லாத நேரத்தில் மட்டும் நடக்கிற ‘விசேஷப் பயிற்சி’, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற ‘மசாஜ்’, இரவில் பிள்ளையின் தொலைபேசிக்குத் தனியாக வருகிற செய்திகள், பரிசுப்பொருள்கள், ‘இதை அம்மாவிடம் சொல்லாதே’ என்ற பேச்சு, இவற்றில் ஒன்று தெரிந்தாலே பெற்றோர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் வைத்தியராக இருந்த லாரி நாசர் சிகிச்சை என்று சொல்லியே பல ஆண்டுகள் சிறுமிகளைச் சீரழித்தார். சிலமுறை தாய் தகப்பன் அதே அறையில் இருந்தபோதும் அது நடந்தது. முறைப்பாடு செய்தவர்களை உரியவர்கள் காலாகாலத்தில் நம்பவில்லை. 2018 ஜனவரியில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் எழுந்து பேசிய பிறகே 40 முதல் 175 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஆகவே ஒரு பெரியவர் பிள்ளையோடு தனித்திருக்கக் கூடாது, சிகிச்சையென்றால் பெற்றோரும் பார்க்க, என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்று விளங்கப்படுத்திய பிறகே செய்ய வேண்டும் என்ற இரண்டு விதிகளில் விட்டுக்கொடுக்க இடமில்லை. உடை மாற்றும் அறைக்குள் தொலைபேசி போகக் கூடாது. தலைகீழாகத் தொங்கும் பிள்ளையின் படத்தை அதன் சம்மதமும் வீட்டாரின் சம்மதமும் இல்லாமல் முகநூலில் போடவும் கூடாது.

வளரும் எலும்பு கேட்கிற அவகாசம்

பிள்ளைகளின் எலும்பு நுனிகளில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கிறது. பதின்பருவத்தின் பிற்பகுதியில்தான் அது மூடி இறுகும். கையூன்றி நிற்பதும் கரணமடிப்பதும் மணிக்கட்டின் அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப அமுக்கும். பெருவிரல் பக்கத்து மணிக்கட்டு வலித்தால் ஓய்வும் வைத்தியமும் தேவை. சும்மா கட்டுப்போட்டுத் தொடர்ந்தால் எலும்பு வளர்ச்சியே கோணலாம்.

முதுகைப் பின்னால் வளைக்கும் வித்தைகளில் கீழ்முதுகு எலும்பில் நுண்முறிவு வருவதுண்டு. பிள்ளைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் முதுகுவலி இருந்து, பின்னால் வளையும்போது அது கூடினால் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள். காலை இரு பக்கமும் விரிக்கச் சொல்லி மேலே ஏறி அமுக்குகிற பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அப்படி அமுக்கினால், தொடைத் தசைநார் இடுப்பெலும்பின் துண்டு ஒன்றையே பிடுங்கிக்கொண்டு வரலாம். பிள்ளை அழ அழ நீட்டினால் தசை வளையாது, கிழியும்.

தலையில் அடிபட்டால் ‘கொஞ்சம் தண்ணீர் குடி, திரும்ப ஏறு’ என்பது ஆபத்தான அறிவுரை. மயக்கம் வராவிட்டாலும், தலைசுற்று, குழப்பம், பார்வை மங்கல், குமட்டல் இவற்றில் ஒன்று இருந்தாலே அன்றைய பயிற்சி முடிந்தது. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூங்கி வழிதல், வலிப்பு என்றால் நேரே வைத்தியசாலை. கழுத்தில் விழுந்த பிள்ளையைத் தூக்கி உட்கார வைக்காமல், அசையாமல் கிடக்க விட்டு 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

மாமரக் கயிற்றுக்கும் ஒரு வார்த்தை: தொங்கியபடி ஆடிச் சட்டென்று நின்றால் கொப்பு தாங்க வேண்டிய பாரம் உடல் எடையின் பல மடங்காகும். சும்மா தொங்கும்போது தாங்குகிற கொப்பும் அந்த இழுப்பில் முறியலாம்.

எடை, சாப்பாடு, மாதவிடாய்

மெலிந்தால்தான் தூக்க முடியும் என்று சொல்லிச் சொல்லியே பல பெண்பிள்ளைகளைப் பட்டினி போட்டிருக்கிறார்கள். பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு இல்லாதபோது எலும்பு மெலியும், காயம் ஆறாது, மாதவிடாய் நிற்கும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 முதல் இதை ஆண், பெண் இருபாலாருக்கும் வரக்கூடிய தனி உடல்நலக் கேடாகவே பேசுகிறது. மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டாலோ 15 வயதாகியும் பூப்படையாவிட்டாலோ வைத்தியரைப் பாருங்கள். கடினமாகப் பயிற்சி செய்கிறாள், அதனால்தான் என்று ஆறுதல்பட வேண்டாம். சோறு, பருப்பு, முட்டை, நெத்தலி, கீரை, பழம் இவையே போதும், விலைகூடிய சத்து மா எதுவும் தேவையில்லை. பிள்ளையின் எடையை வகுப்பில் வாசிப்பதும் ‘குண்டு’, ‘கறுப்பி’ என்று பட்டப்பெயர் வைப்பதும் அந்த வகுப்பிலேயே நிறுத்தப்பட வேண்டியவை.

பிள்ளைகள் தங்களுக்குள்

தோடு, காப்பு, சங்கிலி கழற்றி வைக்கப்பட வேண்டும். பர்தா அணிகிற பிள்ளைக்கு ஊசி குத்தாத, இறுக்கமான விளையாட்டுத் தலையங்கி போதும், அதைக் கழற்றச் சொல்லத் தேவையில்லை. கம்பியில் இருப்பவரைக் கூப்பிட்டுச் சிரிக்க வைப்பதும் அவருக்குக் கீழே நடந்து போவதும் பெரியவர்களே செய்கிற பிழைகள். தோளில் ஏற்றுகிறவருக்கும் ஏறுகிறவருக்கும் ‘இறங்கு’ என்று சொல்லச் சம உரிமை இருக்கிறது. சொன்னதும் இறங்குவதுதான், காரணம் பிறகு பேசிக்கொள்ளலாம். விழுந்தவரைப் பார்த்துச் சிரிக்கிற வகுப்பில் அடுத்தமுறை பயப்படுகிற பிள்ளை அதைச் சொல்லாது.

யாரிடம் சொல்வது

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அதன் 1929 என்ற இலக்கத்துக்கு 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பிள்ளையே அழைக்கலாம், அயலவரும் அழைக்கலாம். 18 வயதைக் கடந்த பெண்களுக்கு 1938. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். சிங்களம் வராதவர்கள் கூச்சப்பட்டுப் பின்வாங்க வேண்டாம், தமிழில் முறைப்பாடு செய்வது உங்கள் உரிமை.

பிள்ளை வாய் திறக்கும்போது “நீ ஏன் போனாய்?” என்று தொடங்காதீர்கள். “சொன்னது நல்லது, உன்மேல் பிழையில்லை” என்று சொல்லிக் கேளுங்கள். அதே வார்த்தைகளில், திகதியோடு எழுதி வையுங்கள். மாஸ்டரிடம் நேரே சண்டைக்குப் போனால் தடயங்கள் அழியும், மற்றப் பிள்ளைகளின் வாயும் மூடப்படும். பாலியல் தாக்குதல் நடந்திருந்தால் உடையைக் கழுவாமல் கடதாசிப் பையில் வைத்து, பிள்ளையைக் குளிக்க விடாமல், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். தொற்றையும் கருவையும் தடுக்கும் மருந்துகள் 72 மணி நேரத்துக்குள் தொடங்கப்பட வேண்டும், எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது. பல அரச வைத்தியசாலைகளில் ‘மித்துரு பியச’, தமிழில் நட்பு நிலையம், என்ற பிரிவு இருக்கிறது. அங்கே தனியாக, மறைவாகப் பேசலாம். சிகிச்சை பெறுவதற்கு முதலில் பொலிஸில் முறைப்பாடு போட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.