வங்கிக் கிளை பெயர்ந்தால்...

வங்கிக் கிளையொன்று அயலூருக்குப் பெயர்வதை, வணிகர் தம் கடையை இடம் மாற்றுவது போன்றதென்றே நாம் எண்ணுவோம். ஐக்கிய அமெரிக்காவிலோ அதற்கும் அனுமதி வேண்டும். அங்கே, பெடரல் ரிசேவ் அமைப்பிற் சேராத மாநில வங்கியொன்று தன் கிளையைப் பெயர்க்க விரும்பின், சமஷ்டி வைப்புக் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தின் சம்மதத்தை எழுத்து மூலம் முன்னரே பெறல் வேண்டும். வங்கியின் மூலதனமும் முகாமையும் மட்டுமன்றி, மக்களின் வசதியும் தேவையும் அப்பொழுது ஆராயப்படும்.

பெயர்தல் எது, மூடுதல் எது? நம் சிந்தனையைத் தூண்டுவது இவ்வினாவே. புதிய இடம் அண்மை அயலில் அமைந்து, வாடிக்கையாளரும் பெரும்பாலும் பழையவரேயாயின் அது இடமாற்றம். அவ்வெல்லையைக் கடந்து கிளை தொலைவிற் சென்றுவிடின், வங்கி எப்பெயர் சூட்டினும் பழைய ஊருக்கு அது மூடுதலே. மோட்டார் வண்டியுடையார்க்குச் சில மைல் ஒரு பொருட்டன்று. ஊன்றுகோலுடன் நடந்துவந்து காசோலை மாற்றும் மூதாட்டிக்கு அவ்வாறாகுமோ?

மூடுதலுக்கு 1991ஆம் ஆண்டுச் சட்டம் தனி விதி வகுத்தது. வாடிக்கையாளருக்கும் மேற்பார்வை அதிகாரிக்கும் 90 நாள் முன்னதாக அறிவித்தல் அனுப்ப வேண்டும். கிளையிலும் 30 நாளேனும் முன்னதாக அறிவித்தல் ஒட்ட வேண்டும். விந்தை யாதெனில், பெயர்வதற்குச் சம்மதம் கேட்கவேண்டிய வங்கி, அடியோடு மூடுவதற்கு அறிவித்தாற் போதும். அதிகாரிக்குக் காரணத்தை எழுதவேண்டும், உண்மைதான். ஆனால் மூடுதலைத் தடுக்கும் அதிகாரத்தை அச்சட்டம் அவருக்கு அளிக்கவில்லை.