விறகு வாங்குவோர் அறிய வேண்டிய கணக்கு

நெல் வாங்கும் குடியானவர் அதைக் கையில் அள்ளி, பல்லில் கடித்து, ஈரம் உண்டா என்று அறிந்த பின்னரே விலை பேசுகிறார். அதே குடியானவர் விறகு வாங்கும்போது தராசை மட்டும் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார். சமையல் எரிவாயு பரவியுள்ள இந்நாளிலும், வெந்நீருக்கும் நெல் அவிப்பதற்கும் விசேஷ காலச் சமையலுக்கும் விறகு வாங்கும் குடும்பங்கள் பல. ஆகவே அதன் அளவைப் பற்றிச் சில விஷயங்களை அறிந்திருப்பது அவசியமாகும்.

விறகுத் தொட்டியில் எடைக் கணக்கில் விற்கிறார்கள். கிராமங்களில் கட்டாகவும் வண்டிச் சுமையாகவும் விற்பதுண்டு. எடையில் வாங்குவோர் தண்ணீருக்கும் விலை கொடுக்க நேரிடும். சுமையில் வாங்குவோர் கட்டைகளின் இடையே உள்ள வெற்றிடத்துக்கும் விலை கொடுக்க நேரிடும். இவ்விரண்டும் போக எஞ்சும் உலர்ந்த கட்டையே அடுப்பில் பயன் தருவது.

முதலில் ஈரத்தைக் கவனிப்போம். புதிதாக வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீராக இருக்கக்கூடும். 100 கிலோ பச்சை விறகில் 45 கிலோ தண்ணீர் என்று கொள்வோம். காற்றில் நன்கு உலர்ந்த விறகிலும் ஐந்தில் ஒரு பங்கு ஈரம் நிற்கும். அந்நிலைக்கு உலரும்போது அந்த 100 கிலோ, சுமார் 69 கிலோவாகக் குறைந்துவிடும். கிலோ 6 ரூபாய் வீதம் 600 ரூபாய் கொடுத்திருந்தால், உண்மையில் விழுந்த விலை கிலோவுக்கு 8 ரூபாய் 70 காசு. எனவே உலர்ந்த விறகு 8 ரூபாய்க்குக் கிடைத்தாலும் அதுவே மலிவு. மேலும், பச்சை விறகின் சூட்டில் ஒரு பகுதி அதன் நீரை ஆவியாக்கவே செலவாகிறது. புகையும் மிகுந்து, சமைக்கும் பெண்களின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கேடு விளைகிறது.

சுமையில் வாங்குவோர், விறகை இறக்கி நெருக்கமாக அடுக்கச் செய்து, நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து பெருக்க வேண்டும். நேரான பிளந்த கட்டைகளின் அடுக்கில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே மரம், மற்றது வெற்றிடம். கோணல் கிளைகளும் மிலாறும் கலந்திருந்தால் மரம் பாதிக்கும் குறையும். நன்கு உலர்ந்த சவுக்கு விறகை நெருக்கமாக அடுக்கினால் ஒரு கன மீட்டர் அடுக்கு சுமார் அரை டன் நிறுக்கும். லேசான மரம் இதனினும் குறைவாகவே நிறுக்கும். ஆகவே சுமையில் வாங்கும்போது கனத்த மரத்தையும், எடையில் வாங்கும்போது உலர்ந்த மரத்தையும் தேடுவது நலம்.

உலர்ந்ததை அறிவது எளிது. வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து வெடிப்புகள் ஓடியிருக்கும். பட்டை கழன்று வரும். இரு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். ஐயம் இருப்பின், ஒரு துண்டை நிறுத்துக் குறித்துவைத்து, நிழலில் காற்றாட வைத்து, வாரந்தோறும் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் விறகு உலர்ந்துவிட்டது.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் இதில் பொறுப்புண்டு. பொது இடத்து மரங்களை வெட்டி எடைக் கணக்கில் விற்கும்போது, எந்நாளில் நிறுப்பது என்பதை ஏல நிபந்தனையிலேயே எழுதிவிட வேண்டும். வெட்டிய மரத்தை ஒரு மாதம் வெயிலில் கிடக்கவிட்டு, பச்சை மரத்தின் விலைக்கே நிறுத்துக் கொடுத்தால் நஷ்டம் பஞ்சாயத்துக்கே. லாரியை எடைமேடையில் வெறுமையாகவும் சுமையுடனும் நிறுத்து, இரு சீட்டுகளையும் கோப்பில் வைப்பது முறை.

ஐப்பசி மழையில் நனைந்த விறகை அவசரமாக வாங்குவதைவிட, நான்கைந்து வீட்டார் கூடிச் சித்திரையில் ஒரு சுமை வாங்கி, பிளந்து, தரையில் படாமல் பரண் கட்டிக் கூரையின் கீழ் அடுக்கிவைப்பது சிக்கனம். நெல்லுக்குப் பார்க்கும் ஈரத்தை விறகுக்கும் பார்ப்போமாக!