புரோட்டானின் உட்கணக்கு

ஹைட்ரஜன் அணுவின் கருவாக இருப்பது ஒரே ஒரு புரோட்டான். அதற்குள் ‘மேல்’ குவார்க்குகள் இரண்டும் ‘கீழ்’ குவார்க் ஒன்றும் உண்டென்று பாடநூல்கள் கூறும். (குவார்க் என்னும் பெயரைத் தமிழாக்க முனைவது வீண். 1964-இல் மரே கெல்மான், ஜேம்ஸ் ஜாய்ஸின் நாவலைப் பார்த்து எழுத்துக்கூட்டிக்கொண்ட வேடிக்கைச் சொல் அது.) ஆனால் இம்மூன்றின் நிறையையும் கூட்டினால் புரோட்டானின் நிறையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் தேறும். எஞ்சியது பெரும்பாலும் குவார்க்குகளின் ஓயாத இயக்கமும், அவற்றைப் பிணைக்கும் குளுவான்களின் ஆற்றலுமேயாம்.

விரைந்தோடும் புரோட்டானின் உந்தத்தில் உள்ளிருக்கும் ஒவ்வொரு துகளும் எவ்வளவு சுமக்கிறது? அமெரிக்காவில் ஸ்டான்போர்டில் 1967-இல் தொடங்கிய எலெக்ட்ரான் சோதனைகள் முதலாக, அளவைகளைத் தொகுத்தே இப்பங்கீட்டை விஞ்ஞானிகள் வகுத்து வந்துள்ளனர். பங்கீடு பிழைத்தால் என்ன நேரும்? 1996-இல் பெர்மி சோதனைச்சாலையில் பேராற்றல் கொண்ட துகள் தாரைகள் எதிர்பார்த்ததைவிட மிகுதியாகக் காணப்பட்டன. குவார்க்குக்குள்ளும் வேறு துகள் உண்டோ என்று சிலர் வியந்தனர். குளுவானின் பங்கைத் திருத்தியதும் அவ்வியப்பு அடங்கிற்று. கோட்பாட்டிலிருந்தே பங்கீட்டைக் கணக்கிட்டிருந்தால், புதுமை எது, நம் அறியாமை எது என்று முன்னரே பிரித்துணர்ந்திருக்கலாம்.

குவார்க் விசையின் விதிகள் 1973-லேயே தெளிவாயின. ஆயினும் புரோட்டானுக்குள் அவ்விசை மிக வலிது. வழக்கமான தோராயக் கணக்குகள் அங்கே செல்லா. 1974-இல் கென்னத் வில்சன் ஒரு வழி கண்டார். வெளியையும் காலத்தையும் புள்ளிகளாக நிறுத்திக் கணக்கிடுவது அது. கோலமிட வாசலற்ற மாடி வீடுகளில் வாழ்கின்ற நாமும் புள்ளிக் கோலத்தை மறந்துவிடவில்லை அல்லவா? அக்கோலம் இரு திசைகளில் விரியும். இக்கட்டமோ நான்கு திசைகளில் விரிவது. புள்ளிகளின் இடைவெளியைப் பாதியாக்கினால் புள்ளிகள் 16 மடங்காகும். கணினியின் உழைப்போ அதனினும் மிகும். 2008-இல் ஐரோப்பியக் குழுவொன்று இம்முறையால் புரோட்டானின் நிறையைச் சில விழுக்காட்டுப் பிழைக்குள் கணக்கிட்டது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திலும் கட்டக் கணக்குகள் நடைபெறுகின்றன.

நிறை கிட்டியது, பங்கீடு எளிதில் கிட்டவில்லை. பங்கீடென்பது ஒளி செல்லும் பாதையை ஒட்டி அமைந்தது. அப்பாதையில் காலமும் நீளமும் ஒன்றையொன்று கழித்துச் சுழியாகும். புள்ளிக் கட்டத்திலோ காலமும் இன்னொரு நீளமாகவே பாவிக்கப்படுகிறது. கழித்தல் இல்லை, ஆதலால் ஒளிப்பாதையும் இல்லை. எனவே நெடுங்காலம் சில சராசரிகளையே பெற முடிந்தது. சராசரியைக் கொண்டு பங்கீட்டை அறிவது, குடும்பத்தின் மொத்த வருவாயைக் கேட்டு யார் எவ்வளவு ஈட்டினார் என்று ஊகிப்பது போன்றது.

2013-இல் ஷியாங்தோங் ஜி என்பார் மாற்றுவழி கூறினார். வேகமாக ஓடும் புரோட்டானை ஒரே கணத்தில் நிறுத்திப் பார்த்ததுபோல் கணக்கிட்டு, ஒளிப்பாதைக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டைக் கோட்பாட்டால் திருத்தலாம் என்பது அவர் கருத்து. வேகம் கூடக்கூடத் திருத்தம் குறையும். ஆனால் வேகம் கூடக்கூட விடையில் இரைச்சலும் மிகும். இவ்விரண்டுக்கும் இடையில்தான் இன்றைய இழுபறியெல்லாம்.

உந்தத்தில் நடுத்தரப் பங்கைச் சுமக்கும் குவார்க்குகளைப் பொறுத்தவரை, கணக்கும் சோதனையும் நெருங்கி வருகின்றன. மிகச் சிறு பங்கைச் சுமக்கும் குளுவான்கள் இன்னும் கட்டத்துக்கு எட்டவில்லை. அமெரிக்காவில் புரூக்ஹேவனில் அமையவிருக்கும் எலெக்ட்ரான்-அயனி மோதுகலம் அளக்க முனைவதில் முதன்மையானவை அக்குளுவான்களே.