பட்டறையில் படுத்திருக்கும் கறுப்புப் பாம்பு! வெல்டிங் கேபிளில் முத்திரை இருக்கிறதா?

சென்னை,

வீட்டு ஜன்னலுக்கு கிரில் போட வேண்டும். வெல்டர் வருகிறார். மெஷினை இறக்குகிறார். கறுப்பு கேபிளை வாசல் முழுக்க விரித்துப் போடுகிறார். மெயின் போர்டில் ஒயரை மாட்டுகிறார்.

"அம்மா, தள்ளி நில்லுங்க. நெருப்பைப் பார்க்காதீங்க!" என்கிறார்.

பொறி பறக்கிறது. எல்லோரும் நெருப்புக்குத்தான் பயப்படுகிறார்கள். தரையில் கிடக்கும் கேபிளை யாரும் பார்ப்பது இல்லை.

ஆபத்து அங்கேதான் படுத்து இருக்கிறது!

அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகள், புதுப்பேட்டை பட்டறைகள், காசிமேட்டில் படகு பழுது பார்க்கும் இடங்கள் என்று சென்னையில் வெல்டிங் பொறி பறக்காத பகுதி இல்லை. அங்கெல்லாம் ஒரு மனிதனின் உயிரைக் காப்பது கேபிளின் மேல்தோல்தான். அந்தத் தோல் நல்லதா, கெட்டதா என்று சொல்வது அதன் மேல் உள்ள முத்திரை.

இரண்டு கேபிள்

வெல்டிங் மெஷினுக்கு இரண்டு பக்கம் உண்டு.

ஒரு பக்கம், மெயின் போர்டில் இருந்து மெஷினுக்கு வரும் ஒயர். பார்க்க மெலிசு. ஆனால் ஓடுவது 230 வோல்ட். இரண்டு பேஸில் மாட்டினால் 415 வோல்ட். இது கிழிந்து ஈரத் தரையில் பட்டால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும்.

மறுபக்கம், மெஷினில் இருந்து ஹோல்டருக்குப் போகும் தடித்த கேபிள். இதில் வோல்ட் குறைவு. ஆனால் ஆம்பியர் அதிகம். 100, 150, 200 ஆம்பியர் என்று ஓடும்.

"இதுல ஷாக் அடிக்காது சார், சும்மா சுர்ருன்னு இருக்கும்" என்று பட்டறையில் சொல்வார்கள்.

இது தவறு. ராடு எரியும்போது 20, 30 வோல்ட்தான். ஆனால் ராடு எரியாமல் சும்மா இருக்கும்போது, அதே ஹோல்டரில் 80 வோல்ட் வரை நிற்கும். அதாவது, பழைய ராடைக் கழற்றிப் புது ராடு மாட்டும் அந்த நொடியில்தான் வோல்ட் அதிகம்!

சட்டை வேர்வையில் நனைந்து இருக்கிறது. காலடியில் இரும்பு. கையுறை ஈரம். அப்போது 80 வோல்ட்டும் எமன்தான். தொட்ட கை விடாது. தண்ணீர்த் தொட்டிக்குள்ளும் படகின் அடிவயிற்றிலும் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

வீட்டில் ஷாக் அடித்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்று நினைக்கலாம். மெயின் ஒயர் பக்கம் அது காப்பாற்றும். டிரான்ஸ்பார்மர் மெஷினில் ஹோல்டர் பக்கம் நடக்கும் கசிவு அதற்குத் தெரியாது. அங்கே காவல், கேபிளின் தோல் ஒன்றுதான்.

செம்பா? பூச்சா?

கடையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"வெல்டிங் கேபிள் வேணுங்க."

"ஒரிஜினலா, லோக்கலா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ரேட்டுதான் வித்தியாசம். எரியறது ஒண்ணுதான்!"

எரிவது ஒன்றுதான். ஆனால் எது எரியும் என்பதுதான் கேள்வி.

நல்ல வெல்டிங் கேபிளுக்குள் தலைமுடி போன்ற செம்புக் கம்பிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அதனால்தான் அது கயிறு போல வளைகிறது. மேலே சூடு தாங்கும் ரப்பர். பொறி விழுந்தாலும் சட்டென்று உருகாது.

மட்டமான சரக்கில் அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சு பூசி, செம்பு என்று விற்பார்கள். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்துவது செம்பைப் போல 100-க்கு 61 பங்குதான். மேலே பழைய பிளாஸ்டிக் உருக்கிய தோல்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள், போக 20 மீட்டர், வர 20 மீட்டர். 150 ஆம்பியர் ஓடினால், கேபிளில் வீணாகும் சூடு சுமார் 450 வாட். அளவு பாதியாக உள்ள கேபிளில் அது 900 வாட். ஒரு இஸ்திரிப் பெட்டியின் சூடு! அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் தோல் இளகும், வெடிக்கும். பக்கத்தில் சாக்கும் தின்னரும் இருந்தால் பட்டறையே போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வெல்டிங் கேபிளுக்கு என்றே தனித் தரநிலை இருக்கிறது. அதன் எண் ஐ.எஸ். 9857. மெயின் பக்கம் போடும் பி.வி.சி. ஒயருக்கு ஐ.எஸ். 694.

முத்திரை சும்மா கிடைப்பது இல்லை. கம்பியின் மின்தடை, தோலின் கனம், வோல்ட் தாங்கும் சக்தி எல்லாம் சோதித்த பிறகே உரிமம் தருகிறார்கள். தருவது இந்தியத் தர அமைவனம். 1987-க்கு முன்பு இதன் பெயர் ஐ.எஸ்.ஐ. பெயர் மாறியும் முத்திரை ஐ.எஸ்.ஐ.யாகவே நிற்கிறது.

"வேண்டுமானால் வாங்கலாம்" என்று இருந்த முத்திரை, பல பொருள்களுக்குக் கட்டாயம் ஆகிவிட்டது. பி.வி.சி. ஒயர்களுக்கு 2003-ம் ஆண்டு உத்தரவு வந்தது. சோலார் டி.சி. கேபிளுக்கு 2023-ல் வந்தது.

கடைக்காரர்கள் கவனத்துக்கு!

கட்டாயம் ஆன பொருளை முத்திரை இல்லாமல் தயாரிப்பது மட்டும் குற்றம் அல்ல. 2016-ம் ஆண்டு சட்டத்தின் 17-வது பிரிவு, அதை இறக்குமதி செய்யக் கூடாது, விற்கக் கூடாது, விற்பனைக்கு ஸ்டாக் வைக்கக் கூடாது, வாடகைக்கு விடவும் கூடாது என்கிறது.

"நான் செய்யலை, வாங்கித்தான் வித்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது.

தண்டனை 2 ஆண்டு வரை ஜெயில். அல்லது முதல் தடவை குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம், மறுபடி பிடிபட்டால் குறைந்தது 5 லட்சம். சரக்கு மதிப்பைப் போல 10 மடங்கு வரையும் அபராதம் போகலாம். ஜெயில், அபராதம் இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

*கேபிள் மேலோ, சுருளில் கட்டிய லேபிளிலோ ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். எண், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். முத்திரை மட்டும் இருந்து எண் இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள்.

*அந்த உரிம எண்ணை செல்போனில் "பி.ஐ.எஸ். கேர்" செயலியில் போட்டால், யாருடைய உரிமம், உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். புகாரும் கொடுக்கலாம். தென்மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது.

*நுனிக் கம்பியைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் அது செம்பு அல்ல.

*கையில் தூக்கிப் பாருங்கள். அலுமினியத்தின் எடை செம்பில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

*டேப் சுற்றிய ஜாயின்ட் உள்ள கேபிளை வீட்டுக்குள் அனுமதிக்காதீர்கள்.

முத்திரை உள்ள கேபிளும் நாள்பட்டால் கிழியும். லாரி ஏறினால் நசுங்கும். வாங்கிய அன்று பார்த்தது போதாது, வேலைக்கு எடுக்கும் ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும்.

மீட்டருக்கு நூறு, இருநூறு மிச்சம் பிடிப்பவர் முதலாளி. அந்தக் கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு சாரத்தில் ஏறுகிறவர், சாயந்திரம் வீடு திரும்ப வேண்டிய தொழிலாளி.