விண்கலத்திற்கு எத்தனை கதவு? மெகாமெக்லேபில் ஒரு பாடம்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் முதலில் தேடுவது கேம்ஸ்தான். நானும் அப்படித்தான். சுட்டுத் தள்ளும் விளையாட்டுகள் சில வாரங்களில் அலுத்துவிட்டன. அப்போது என் அண்ணன் மகன் காட்டியதுதான் மெகாமெக். இதில் வேகம் முக்கியமல்ல, யோசனைதான் முக்கியம். இதன் கூடவே வரும் மெகாமெக்லேப் என்ற புரோகிராமில், விளையாட்டில் பயன்படுத்தும் விண்கலத்தை நாமே வடிவமைக்கலாம். அப்படி நான் வடிவமைத்த முதல் கலம் ஒரே ஒரு கதவினால் தோற்றது. அந்தத் தவறை நீங்கள் செய்யாமல் இருக்கவே இந்தக் கட்டுரை.

இது என்ன விளையாட்டு?

அமெரிக்காவில் பாசா என்ற நிறுவனம் 1984ல் வெளியிட்ட போர் விளையாட்டு, அடுத்த ஆண்டு முதல் பேட்டில்டெக் என்ற பெயரில் வரத் தொடங்கியது. அறுகோணக் கட்டங்கள் கொண்ட வரைபடம், பகடை, பேப்பர், பென்சில் கொண்டு மேஜையில் ஆடுவது இது. இதைக் கம்ப்யூட்டரில் ஆட உதவும் இலவச, ஓப்பன் சோர்ஸ் புரோகிராம்தான் மெகாமெக். இது ஜாவாவில் எழுதப்பட்டது. எனவே உங்கள் கம்ப்யூட்டரில் ஜாவா இருக்க வேண்டும். எந்தப் பதிப்பு தேவை என்பதை டவுன்லோட் செய்யும் இடத்திலேயே பார்த்துக் கொள்ளுங்கள்.

விண்வெளிப் போரில் ஒரு கட்டம் 18 கிலோமீட்டர். ஒரு சுற்று ஒரு நிமிடம். இந்த ஒரு நிமிடக் கணக்கை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நான் செய்த தவறு

5,000 டன் எடையில் ஒரு டிராப்ஷிப் வடிவமைத்தேன். உள்ளே 12 போர் விமானங்கள். கவசமும் பீரங்கிகளும் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். கதவு பற்றிய கட்டத்தில் 1 என்று இருந்ததை அப்படியே விட்டுவிட்டேன். அண்ணன் மகன் எட்டிப் பார்த்து, "சித்தப்பா, கதவு ஒண்ணுதானே இருக்கு?" என்றான். "வீட்டுக்கு ஒரு வாசல் போதாதா? நீ சும்மா இரு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கம்ப்யூட்டர்களை இணைத்து அவனுடன் மோதினேன். முதல் சுற்றில் இரண்டு விமானங்கள் வெளியே சென்றன. இரண்டாவது சுற்றில் மேலும் இரண்டு. மூன்றாவது சுற்றில் அவன் சுட்ட குண்டு என் கலத்தின் கதவைப் பழுதாக்கியது. மீதி எட்டு விமானங்களும் உள்ளேயே மாட்டிக் கொண்டன. வெளியே போன நான்கையும் அவன் சுலபமாக முடித்தான். புரோகிராமில்தான் ஏதோ பிழை என்று அவனிடம் வாதாடினேன். அன்று இரவு விதிகளைப் படித்த பிறகுதான், பிழை என்னுடையது என்று புரிந்தது.

விதி ஒன்று: அறை வேறு, சரக்கு இடம் வேறு

கலத்தின் உள்ளே பொருள் வைக்கும் பகுதியை பே என்பார்கள். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, போர் இயந்திரங்களுக்கென்றே அமைந்த அறைகள். ஒரு மெக் ரோபோவுக்கு 150 டன், ஒரு போர் விமானத்துக்கு 150 டன், ஒரு சிறு கலத்துக்கு 200 டன், இலகு ரக வாகனத்துக்கு 50 டன், கனரக வாகனத்துக்கு 100 டன் ஒதுக்க வேண்டும்.

100 டன்னுக்கு மேல் போகாத மெக்கிற்கு ஏன் 150 டன்? இந்த எடையில் பழுதுபார்க்கும் வசதியும், அதைப் பராமரிக்கும் ஆட்களுக்கான இடமும் அடங்கும். இந்த அறையில் உள்ள இயந்திரம் எப்போதும் தயாராக இருக்கும். இறங்கியதும் போரிடலாம்.

இரண்டாவது வகை, சாதாரண சரக்கு இடம். இதில் ஒரு டன் இடத்துக்கு ஒரு டன் சரக்கு. 50 டன் மெக்கை இதில் ஏற்றினால் 50 டன்தான் செலவாகும். லாபம்போலத் தெரியும். ஆனால் அது கட்டிப் போட்ட மூட்டை மாதிரி. போர் நடக்கும்போது அவிழ்த்து இறக்க முடியாது.

எல்லாச் சரக்குக்கும் ஒரே கணக்கு இல்லை. 100 டன் இடத்தைத் திரவம் வைக்க ஒதுக்கினால் 91 டன்தான் பிடிக்கும். குளிர்பதன அறை என்றால் 87 டன். கால்நடை என்றால் 83 டன். தொட்டி, குளிர்சாதனம், தொழுவம் ஆகியவற்றின் எடை கழிந்துவிடுகிறது.

விதி இரண்டு: கதவுக்கு எடை இல்லை, எல்லை உண்டு

நான் கதவைக் குறைத்ததற்குக் காரணம், கதவு கூடினால் எடை கூடும் என்று நினைத்ததுதான். அது தவறு. கதவுக்கென்று தனி எடை கிடையாது. ஆனால் மொத்தம் எத்தனை கதவு வைக்கலாம் என்பதற்கு, கலத்தின் எடையைப் பொறுத்து ஓர் உச்சவரம்பு உண்டு. கலத்தின் எடை பத்து மடங்கு ஆனாலும் கதவு பத்து மடங்கு ஆகாது. எனவே இருக்கும் கதவுகளை எந்தப் பேக்கு எத்தனை என்று பங்கிட்டுத் தர வேண்டும். மெதுவாக இறக்கும் சரக்குக்கு ஒரு கதவு போதும். விமானங்களுக்கே அதிகம் தேவை.

விதி மூன்று: ஒரு கதவு, ஒரு சுற்று, இரண்டு விமானம்

ஒரு கதவு வழியாக ஒரு சுற்றில் இரண்டு விமானங்களைப் பத்திரமாக வெளியே அனுப்பலாம். அதற்கு மேலும் அனுப்பலாம். ஆனால் விமானி கட்டுப்பாட்டை இழக்காமல் இருக்க உருட்டும் பகடை கடினமாகிவிடும்.

இப்போது கணக்குப் போடுங்கள். 12 விமானம், ஒரு கதவு என்றால் ஆறு சுற்று, அதாவது ஆறு நிமிடம். மூன்று கதவு என்றால் இரண்டே சுற்று. அதில் ஒரு கதவு அடிபட்டாலும் மூன்று சுற்றில் எல்லாம் வெளியே வந்துவிடும். ஒரே கதவு வைத்து அது அடிபட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் மேலே படித்தீர்கள்.

எப்படி அமைப்பது?

மெகாமெக்லேபைத் திறந்து புதிய டிராப்ஷிப் ஒன்றைத் தொடங்குங்கள். மேலே உள்ள டேப்களில் டிரான்ஸ்போர்ட் என்பதில் கிளிக் செய்யுங்கள். பே வகைகளின் பட்டியல் கிடைக்கும். தேவையானதைத் தேர்ந்தெடுத்துச் சேருங்கள். பின் அதன் அளவையும் கதவுகளின் எண்ணிக்கையையும் மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மொத்த எடையைக் கவனியுங்கள். விதியை மீறினால் புரோகிராம் எச்சரிக்கும். ஆனால் ஒன்று. கதவு குறைவாக இருப்பது விதிமீறல் அல்ல. அதனால் அதைப் பற்றி எச்சரிக்கை எதுவும் வராது. அதை நாம்தான் பார்க்க வேண்டும். முடித்ததும் மறக்காமல் சேவ் செய்யுங்கள்.

என் கலத்தை நான் இப்படித் திருத்தினேன். 12 விமானங்களையும் ஒரே பேயில் வைக்காமல், ஆறு ஆறாக இரண்டு பேக்களில் பிரித்தேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. விமான அறைகளின் எடை முன்பு போலவே 1,800 டன்தான். ஒரு டன் கூடக் கூடவில்லை. ஆனால் முதல் சுற்றிலேயே எட்டு விமானங்கள் வெளியே வந்துவிடும்.

அடுத்த ஞாயிறு ஆட்டத்தைத் தொடங்கும் முன், "நீ சொன்னதுதான்டா சரி" என்று அவனிடம் ஒப்புக் கொண்டேன். அவன் சிரித்துக் கொண்டே, "சித்தப்பா, இப்ப கதவு சரி. பின்பக்கம் பீரங்கியே இல்லையே?" என்றான். இந்த முறை அவனைச் சும்மா இருக்கச் சொல்லவில்லை.